சுடாத துப்பாக்கியும் சும்மா இராத கையும்

கேள்வி–பதில்

இந்த முறை புதுச்சேரியின் சேதராப்பட்டு, வில்லியனூர், பாகூர்ப் பக்கத்து வாசகர்கள் கேட்டிருப்பது துப்பாக்கி பற்றி. அதுவும் போல்ட் இழுத்துச் சுடும் 315 ரைஃபிள். பதில்கள் லைசென்ஸ் உள்ளவர்களுக்கு. இல்லாதவர்கள் படிக்கலாம்; பிடிக்கக் கூடாது.

விவசாயி, சேதராப்பட்டு
என் 315 சுட மறுக்கிறது. முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

அதன் வாயை. அது யாரையாவது பார்த்துக்கொண்டிருக்கிறதா என்று.

விசையை இழுத்து ‘டிக்’ மட்டும் கேட்டால் உடனே போல்ட்டைத் திறக்காதீர்கள். சில தோட்டாக்களில் மருந்து தாமதமாகப் பற்றும். ஆளில்லாத, பாதுகாப்பான திசையில் வாயை வைத்து முழுதாக ஒரு நிமிடம் காத்திருங்கள். பிறகு மேகஸினைக் கழற்றுங்கள். போல்ட்டைப் பின்னுக்கு இழுங்கள். தோட்டா உட்காரும் அறைக்குள் கண்ணால் பாருங்கள். சுண்டுவிரலாலும் தடவிப் பாருங்கள். மேகஸின் காலி என்றால் துப்பாக்கியே காலி என்று நம்பியவர்களைப் பற்றி மறுநாள் பேப்பரில் படிக்கிறோம்.

அதன் பிறகு வரிசையாகச் சந்தேகப்படுங்கள்: முதலில் தோட்டா, அடுத்து அழுக்கு, அடுத்து திருகு, கடைசியில்தான் உள்ளுறுப்பு. நம்மவர்கள் தலைகீழாக ஆரம்பிப்பார்கள். முதலில் ஸ்குரூ டிரைவரைத் தேடுவார்கள்.

கல்லூரி மாணவி, திருபுவனை
போலீஸ் வைத்திருந்தது 303. வீட்டில் இருப்பது 315. ஏன் இந்தப் பன்னிரண்டு வித்தியாசம்?

வெள்ளைக்காரருக்கு நம் மேல் இருந்த நம்பிக்கையின் அளவு அது. ராணுவத் தோட்டா பொதுமக்கள் கைக்குப் போனால் அது ராணுவத்துக்கே திரும்பி வரும் என்று பயந்தார்கள். அதனால் 303 தடை செய்யப்பட்ட ரகம் ஆனது. அந்தத் தடை இன்றும் நம் சட்டத்தில் இருக்கிறது.

ஆனால் வேட்டைக்காரருக்கும் பண்ணைக்காரருக்கும் ஏதாவது விற்றாக வேண்டுமே! ஆஸ்திரியாவின் பழைய மன்லிச்சர் ரகத் தோட்டாவை எடுத்து, 303 சுடும் லீ–என்ஃபீல்ட் துப்பாக்கியின் உடம்புக்குள் பொருத்தினார்கள். அதுதான் 315. மேற்கு வங்காளத்தின் இஷாப்பூர் ரைஃபிள் ஃபேக்டரி செய்தது. பெயர் மாறினாலும் உடம்பு 303-ன் தம்பிதான். ஆகவே 303-க்கு வரும் நோவெல்லாம் இதற்கும் வரும்.

ஓய்வு பெற்ற வங்கிக் காவலர், வில்லியனூர்
‘டிக்’ கேட்கிறது, வெடி வரவில்லை. குற்றவாளி துப்பாக்கியா, தோட்டாவா?

தோட்டாவின் அடிப்பாகத்தில், நடுவிலுள்ள கேப்பில், போல்ட்டுக்குள்ளிருந்து பாயும் ஊசி பட்ட தழும்பு இருக்கும். அதுதான் முதல் தகவல் அறிக்கை. படித்துப் பாருங்கள்.

தழும்பு ஆழமாக, நட்டநடுவில் இருக்கிறதா? துப்பாக்கி தன் வேலையைச் செய்துவிட்டது. தோட்டாவுக்குத்தான் ஈரமோ வயதோ ஆகிவிட்டது.

தழும்பு மேலோட்டமாக இருக்கிறதா? ஊசி வேகமாக வரவில்லை. போல்ட்டுக்குள் பழைய எண்ணெய் கெட்டிப்பட்டிருக்கலாம், ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், ஊசி முனை தேய்ந்திருக்கலாம். இதே வரிசையில் சந்தேகப்படுங்கள், ஏனென்றால் முதலாவதற்குச் செலவில்லை.

தழும்பு ஓரமாக இருக்கிறதா? போல்ட்டின் தலையும் அறையும் நேர்கோட்டில் இல்லை.

தழும்பே இல்லையா? ஊசி உடைந்திருக்கலாம். அல்லது போல்ட் கைப்பிடி முழுதாகக் கீழே இறங்காமலே விசையை இழுத்திருப்பீர்கள்.

வெடித்த தோட்டாவின் கேப்பில் ஓட்டையே விழுந்திருக்கிறதா? ஊசி நீளம் கூடிவிட்டது, அல்லது உள்ளே அழுத்தம் கூடிவிட்டது. அந்தத் துப்பாக்கியை அன்றைக்கே நிறுத்திவிடுங்கள். ஓட்டை வழியாகத் திரும்பும் சூடான வாயு தேடுவது உங்கள் கண்ணைத்தான்.

வெடிக்காத தோட்டாவைக் குப்பையில் போடாதீர்கள். லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரியிடம் ஒப்படையுங்கள்.

ஆசிரியர், நெட்டப்பாக்கம்
ஒரு துப்பாக்கி சுடாவிட்டால் சரி. ஒரே நேரத்தில் எல்லாத் துப்பாக்கியும் சுடாமல் போகுமா?

போயிருக்கிறது. 2019 ஆகஸ்டில் பீகாரில், முன்னாள் முதலமைச்சர் ஜகந்நாத் மிஸ்ராவின் இறுதிச் சடங்கு. அரசு மரியாதை. முதலமைச்சர் நிதிஷ் குமார் முன்னிலையில் 22 போலீஸ் துப்பாக்கிகளை உயர்த்தினார்கள். ஒன்றுகூட வெடிக்கவில்லை. நாடு சிரித்தது.

நாம் சிரித்து முடித்துவிட்டு யோசிப்போம். 22 ஊசி ஒரே நாளில் உடையுமா? 22 ஸ்பிரிங் பேசி வைத்துக்கொண்டு தளருமா? எல்லாவற்றுக்கும் பொதுவாக உள்ளே போனது எது என்று பார்த்தால் விரல் தோட்டாப் பெட்டியைத்தான் காட்டும். உங்கள் வீட்டிலும் இதே கணக்குதான். ஒரே பெட்டித் தோட்டா வரிசையாகச் சொதப்பினால் பெட்டியைச் சந்தேகப்படுங்கள். வெவ்வேறு பெட்டித் தோட்டாவும் சொதப்பினால் துப்பாக்கியைச் சந்தேகப்படுங்கள்.

வாசகர், கூடப்பாக்கம்
துப்பாக்கிக்குத் தேங்காய் எண்ணெய் போடுகிறேன். மார்கழியில் மட்டும் சுட மாட்டேன் என்கிறது. பக்தியா?

குளிர். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைய ஆரம்பிக்கும். மார்கழி விடியற்காலையில் குளியலறை பாட்டிலில் வெள்ளையாக நிற்கிறதே, அதே எண்ணெய்தான் போல்ட்டுக்குள்ளும் ஊசியைக் கட்டிப்பிடித்து நிற்கிறது. ஊசி மெதுவாக வரும், கேப்பில் லேசாகக் கீறும், ‘டிக்’.

நல்லெண்ணெய் போடலாமா என்று அடுத்த கடிதம் எழுதாதீர்கள். அது காற்றுப்பட்டு நாளடைவில் பிசினாகிவிடும். தலைக்குப் போடுவது தலைக்கு, தாளிப்பது சட்டிக்கு. துப்பாக்கிக்கு என்று விற்கும் மெல்லிய கனிம எண்ணெய் போதும். அதுவும் ஒரு துளி. துருவை விரட்டத்தான் எண்ணெய். ஊறுகாய் போட அல்ல.

புதிதாக லைசென்ஸ் வாங்கியவர், கரசூர்
போல்ட்டை மூடும்போது கடைசி ஓர் அங்குலம் இறுகுகிறது. தட்டி மூடலாமா?

தட்ட வேண்டாம். அது கோளாறே இல்லை. லீ–என்ஃபீல்ட் வகையில் போல்ட்டை முன்னுக்குத் தள்ளும்போதுதான் ஊசியின் ஸ்பிரிங் ஏறும். அந்த இறுக்கம்தான் உங்கள் கைக்குத் தெரிகிறது. மவுசர் 98 வகையில் கைப்பிடியைத் தூக்கும்போதே ஸ்பிரிங் ஏறிவிடும். அதனால் அங்கே இறுக்கம் திறக்கும்போது வரும்.

எப்போது கவலைப்பட வேண்டும் என்றால், காலித் துப்பாக்கியில் சுகமாக மூடி, தோட்டா போட்டால் மட்டும் மூட மறுக்கும்போது. அறையில் அழுக்கு இருக்கலாம், தோட்டா நசுங்கியிருக்கலாம், வேறு ரகத் தோட்டாவாகவும் இருக்கலாம். மூன்றுக்கும் மருந்து வேறு. உள்ளங்கையால் குத்துவது மூன்றுக்குமே மருந்தல்ல.

பண்ணை உரிமையாளர், மண்ணாடிப்பட்டு
முதல் தோட்டா போகிறது. இரண்டாவது மேகஸினிலேயே மாட்டிக்கொள்கிறது. மேகஸின் ஸ்பிரிங்கை மாற்றட்டுமா?

முதலில் தோட்டா அடுக்கும் விதத்தை மாற்றுங்கள். 303-க்கும் 315-க்கும் தோட்டாவின் அடியில் விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மேலே இருக்கும் தோட்டாவின் விளிம்பு, கீழே இருப்பதன் விளிம்புக்கு முன்னால் இருக்க வேண்டும். பின்னால் போய்விட்டால் போல்ட் மேலதைத் தள்ளும்போது அது கீழதையும் சேர்த்து இழுக்கும்; இரண்டும் பூட்டிக்கொள்ளும்.

பட்டாளத்தில் எவ்வளவு அவசரத்திலும் இதைச் சரிபார்த்து அடுக்கப் பழக்கினார்கள். நாம் சாவகாசமாக உட்கார்ந்து தவறாக அடுக்குகிறோம்.

சரியாக அடுக்கியும் மாட்டினால், மேகஸினின் மேல் உதடுகள் வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். வளைந்திருந்தால் நீங்கள் கட்டிங் பிளேயரைத் தொட வேண்டாம். அதை நிமிர்த்தத் தெரிந்தவர் வேறு.

முன்னாள் ராணுவத்தினர், பாகூர்
சுட்டபின் போல்ட் திறக்க முரண்டு பிடிக்கிறது. நல்லதற்கு என்று அறைக்குள் எண்ணெய் தாராளமாக விட்டேன். இன்னும் மோசமாகிவிட்டது. ஏன்?

அந்தத் தாராளம்தான் காரணம். சுடும்போது பித்தளைத் தோட்டா விரிந்து அறையின் சுவரைப் பற்றிக்கொள்ள வேண்டும். அந்தப் பிடிப்பால்தான் பின்னோக்கி வரும் உதையில் ஒரு பங்கு சுவருக்குப் போகிறது. எண்ணெய் இருந்தால் பிடிப்பு வழுக்கிவிடும். உதை மொத்தமும் போல்ட் மேல் விழும். லீ–என்ஃபீல்டில் போல்ட்டைப் பூட்டும் கட்டைகள் பின்பக்கம் இருப்பதால் அது இன்னும் கெடுதல்.

அறையை உலர்ந்த துணியால் துடைத்து வையுங்கள். துரு சொரசொரப்பு இருக்கிறதா, பழைய பித்தளைச் சீவல் ஒட்டியிருக்கிறதா என்று விளக்கு வைத்துப் பாருங்கள். வெயிலில் காரின் டாஷ்போர்டில் வைத்திருந்த தோட்டாவைச் சுட்டீர்களா என்றும் யோசியுங்கள். சூடான தோட்டாவில் அழுத்தம் கூடும்.

காலித் தோட்டா சிக்கிக்கொண்டால் கைப்பிடியைச் சுத்தியால் அடிக்காதீர்கள். போல்ட்டைத் திறந்து வைத்து வாய்ப் பக்கமாகத் துடைக்கும் கம்பியால் மெல்லத் தள்ளலாம். ஆனால் வெடிக்காத தோட்டா என்றால் கம்பியே கூடாது. அதைத் தள்ளினால் நீங்கள் துப்பாக்கியின் தவறான முனையில் நிற்பீர்கள்.

அதே வாசகர், அதே பாகூர்
போல்ட்டோடு காலித் தோட்டா பின்னால் வருகிறது. ஆனால் வெளியே துள்ளி விழவில்லை. இதுவும் என் எண்ணெயா?

இல்லை, இந்த முறை நீங்கள் நிரபராதி. இழுத்து வருவது எக்ஸ்ட்ராக்டர் கொக்கி. அது வேலை செய்கிறது. தட்டி வெளியே தள்ளுவது, உடம்பின் இடப்பக்கச் சுவரில் உள்ள ஒரு குட்டித் திருகு. அதன் முனை தேய்ந்திருக்கலாம். சிறிய வேலை. ஆனால் உங்களுடையதல்ல, காரணம் அடுத்த பதிலில்.

லேத் பட்டறை வைத்திருப்பவர், தொழிற்பேட்டை, சேதராப்பட்டு
பக்கத்து ஊர்ப் பெரியவரின் ரைஃபிள் ஊசி உடைந்துவிட்டதாம். மாதிரி கொடுத்தால் அரை மணி நேரத்தில் கடைந்துவிடுவேன். கடையலாமா?

அரை மணி நேர வேலைக்குக் குறைந்தபட்சக் கூலி ஏழு ஆண்டு.

1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் 5-ஆம் பிரிவு, துப்பாக்கி செய்வதையும் விற்பதையும் மட்டும் சொல்லவில்லை. ரிப்பேர் செய்வதற்கும் லைசென்ஸ் வேண்டும் என்கிறது. 2019-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, மீறினால் ஏழு ஆண்டிலிருந்து ஆயுள் வரை. பெரியவரிடம் லைசென்ஸ் இருப்பது அவர் வைத்திருப்பதற்கு. நீங்கள் கை வைப்பதற்கு அல்ல.

சட்டத்தை விடுங்கள், தொழிலுக்கு வருவோம். உங்கள் லேத் ஒரு மைக்ரான் பிசகாமல் கடையும்; சந்தேகமில்லை. ஆனால் எந்த எஃகு, எவ்வளவு கடினம், முனையின் வளைவு என்ன, போல்ட் முகத்திலிருந்து எவ்வளவு நீட்ட வேண்டும்? எஃகு மென்மையானால் முனை மழுங்கும். அதிகம் கடினமானால் முறியும். முனை கூராக இருந்தால் கேப்பைக் குத்தித் துளைக்கும். உடைந்த மாதிரியை அளந்தால் உடைந்த அளவுதான் கிடைக்கும். பெரியவரை ஆயுத ரிப்பேர் லைசென்ஸ் உள்ள கடைக்கு அனுப்பிவிட்டு, நீங்கள் பம்ப் செட் ஷாஃப்ட்டைக் கடையுங்கள்.

பெயர் வேண்டாம் என்று கேட்டவர், தொண்டமாநத்தம்
என் ரைஃபிளின் போல்ட் தலை திருகினால் கழன்று வருகிறது. நண்பரின் ரைஃபிள் தலையை மாட்டினேன், கச்சிதமாக உட்கார்ந்தது. சரிதானே?

பெயர் வேண்டாம் என்றது நல்ல முடிவு.

தலை திருகிக் கழலும்படி செய்தது, தேய்ந்த துப்பாக்கிக்கு அளவு பார்த்து வேறு தலை போடத்தான். தோட்டாவின் விளிம்புக்கும் போல்ட் முகத்துக்கும் இருக்க வேண்டிய இடைவெளியை அந்தத் தலைதான் தீர்மானிக்கிறது. பட்டாளத்து 303-க்கு அளவுமானி இரண்டு: 0.064 அங்குலத்தில் மூட வேண்டும்; 0.074 அங்குலத்தில் மூடக் கூடாது. நடுவில் இருப்பது 0.01 அங்குலம். கால் மில்லிமீட்டர். ஜெராக்ஸ் தாள் இரண்டரை. ‘கச்சிதமாக உட்கார்ந்தது’ என்று விரல் சொல்வதை நம்ப முடியாத அளவு அது.

இடைவெளி அதிகமானால் தோட்டாவே புகார் எழுதித் தரும். வெடித்த கேப் வெளியே பிதுங்கியிருக்கும். அடியிலிருந்து கொஞ்சம் மேலே பித்தளையைச் சுற்றிப் பளபளப்பாக ஒரு வளையம் தெரியும். அதையும் பார்க்காமல் விட்டால் ஒரு நாள் தோட்டா அந்த வளையத்தில் இரண்டாக அறுந்து, முன்பாதி அறைக்குள்ளேயே தங்கிவிடும்.

போல்ட்டிலும் உடம்பிலும் ஒரே எண் பொறித்திருக்கும். ஒன்றுக்கு அளவு பார்த்து இழைத்ததை மற்றொன்றுக்குப் போடக் கூடாது என்பதற்குத்தான் அந்த எண். நண்பரின் தலையைத் திருப்பிக் கொடுங்கள். இரண்டு துப்பாக்கிகளையும் அளந்து பார்க்காமல் இரண்டு பேருமே சுடாதீர்கள்.

இல்லத்தரசி, பத்துக்கண்ணு
அவர் ஆறு மாதமாகத் துப்பாக்கியை மூலையில் நிறுத்தி வைத்திருக்கிறார். வாய்க்குள் குளவி போய் வருகிறது. சொன்னால் கேட்க மாட்டேன் என்கிறார்.

இதைப் படித்துக் காட்டுங்கள், அம்மா. குளவி மண் குழைத்துக் குழலுக்குள் கூடு கட்டும். காய்ந்தால் அது அடைப்பு. பின்னால் வரும் குண்டு நகர இடமில்லாமல் நின்றால், அதன் பின்னால் வரும் வாயு குழலையே பிளக்கும். குறைந்தபட்சம் மோதிரம் போட்டது போல ஓரிடத்தில் புடைக்கும். புடைத்த குழலுக்கு ரிப்பேர் கிடையாது, கழிப்பதுதான்.

சுடுவதற்கு முன்னால் ஒவ்வொரு முறையும் போல்ட்டைக் கழற்றி, வெளிச்சத்துக்குக் குழலைக் காட்டிப் பின்பக்கமிருந்து பார்க்க வேண்டும். முழு வட்டம் தெரிய வேண்டும். சுடும்போது ‘டமார்’ வராமல் ‘புஸ்’ என்று வந்தாலும் இதே சோதனைதான். மருந்து சரியாக எரியாமல் குண்டு பாதி வழியில் நின்றிருக்கலாம். அதன் பின்னால் அடுத்த குண்டை அனுப்புபவருக்கு மூன்றாவது வாய்ப்பு இருக்காது.

முக்கியமான விஷயம்: மூலையில் நிறுத்தி வைப்பதே தவறு. பூட்டிய பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள். தோட்டா வேறு பெட்டியில். இரண்டாவது சாவியை நீங்கள் கேட்டு வாங்காதீர்கள். லைசென்ஸ் அவர் பெயரில்தான்.

குறி பார்த்துக் களைத்தவர், திருக்கனூர்
கோடையில் குறி தப்பாத ரைஃபிள், ஐப்பசி மழைக்குப் பிறகு ஒரு சாண் தள்ளிப் போடுகிறது. குழல் வளைந்துவிட்டதா?

குழல் அவ்வளவு சீக்கிரம் வளையாது; கட்டை வளையும். வடகிழக்குப் பருவ மழையில் மரம் ஈரத்தை உறிஞ்சி உப்பும். உப்பிய முன்கட்டை குழலை ஒரு பக்கமாக அழுத்தும். போதும், குறி நகர்ந்துவிடும். வெயில் வந்து மரம் சுருங்கினால் இரும்பையும் கட்டையையும் சேர்க்கும் திருகுகள் தளரும். மறுபடி குறி நகரும்.

ஷூட்டிங் ரேஞ்சில் ஒரே பெட்டித் தோட்டாவை, துப்பாக்கியைத் தாங்கி மேல் வைத்துச் சுட்டுப் பாருங்கள். எல்லாம் ஒரே இடத்தில் கூடி, ஆனால் தள்ளி விழுந்தால் சைட்டைத் திருத்தினால் போதும். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறினால் திருகு, கட்டை, ஸ்கோப் பிடிமானம், குழல் வாயின் விளிம்பு என்று வரிசையாகப் பாருங்கள். ஐந்தாவது சந்தேக நபர் சுடுபவர். அவரைப் பெரும்பாலும் யாரும் விசாரிப்பதில்லை.

குழல் வாயின் விளிம்பு எப்படிக் கெடும்? வாய்ப் பக்கமாகக் கம்பியை விட்டுத் தேய்த்துத் தேய்த்துத்தான். லீ–என்ஃபீல்டில் போல்ட்டைப் பின்னுக்கு இழுத்து, அதன் தலையை மேலே தூக்கினால் முழுதாக வெளியே வந்துவிடும். பின்பக்கமாகச் சுத்தம் செய்ய அவ்வளவு வசதி செய்து கொடுத்திருக்கிறார்கள்.

பழைய தோட்டா வைத்திருப்பவர், ஏம்பலம்
சுட்டதும் எண்ணெய் போட்டுத்தான் வைத்தேன். ஒரே வாரத்தில் குழலுக்குள் துரு. எண்ணெய் போலியா?

எண்ணெய் பாவம். பழைய காலத்துத் தோட்டாக்களின் கேப் மருந்தில் பொட்டாசியம் குளோரேட் இருக்கும். அது எரிந்தால் மிஞ்சுவது ஒரு வகை உப்பு. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். நம் கடலோரக் காற்றில் ஈரத்துக்கு என்ன பஞ்சம்? எண்ணெயில் உப்பு கரையாது. நீங்கள் உப்பின் மேல் எண்ணெய்ப் போர்வை போர்த்தியிருக்கிறீர்கள்.

பட்டாளத்துச் சிப்பாய்கள் குழலுக்குள் புனல் வைத்துக் கொதிக்கும் வெந்நீர் ஊற்றினார்கள். உப்பு கரைந்து ஓடும். குழலின் சூட்டிலேயே தண்ணீரும் உலரும். பிறகு துணி, பிறகு எண்ணெய். துப்பாக்கியைத் தோல் உறைக்குள் வைத்திருந்தால் இன்றே வெளியே எடுங்கள். தோலும் ஈரம் பிடிக்கும். உறை பயணத்துக்கு, குடித்தனத்துக்கு அல்ல.

பக்தர், வில்லியனூர்
ஆயுத பூஜைக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, வாயில் எலுமிச்சம்பழம் சொருகினேன். வைத்த இடமெல்லாம் பழுப்புப் புள்ளி. சாமி குத்தமா?

எலுமிச்சைக் குத்தம். பழத்தின் அமிலம் இரும்பின் கருநீலப் பூச்சைத் தின்றுவிடும். ஈரச் சந்தனம் துருவுக்கு விதை போடும். அடுத்த ஆண்டு போல்ட்டைக் கழற்றி, காலி என்று சரிபார்த்து, மரக்கட்டையில் ஒரு பொட்டு மட்டும் வையுங்கள். மாலையிலேயே துடைத்துவிடுங்கள். எலுமிச்சையை வண்டிச் சக்கரத்துக்கு வையுங்கள். அது புகார் சொல்லாது.

சொல்தா குடும்பத்துப் பேரன், வில்லியனூர்
தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தா, அதாவது சிப்பாய். பரணில் பழைய பிரெஞ்சு ரைஃபிள் கிடைத்தது. போல்ட் துருப்பிடித்து நகரவில்லை. ‘8 மி.மீ.’ என்று யாரோ சொன்னார்கள். 315-ம் 8 மி.மீ. தானே, அந்தத் தோட்டா சேருமா?

தம்பி, உங்கள் கடிதத்தில் இருக்கும் ஒரே நல்ல செய்தி, போல்ட் நகரவில்லை என்பது.

1886-ஆம் ஆண்டின் லெபெல் ரைஃபிளுக்கான தோட்டாவையும் 8×50 ஆர் என்று குறிப்பார்கள். 315-க்கு மூலமான மன்லிச்சர் தோட்டாவையும் 8×50 ஆர் என்று குறிப்பார்கள். எண் ஒன்று, உருவம் வேறு. ஒன்றில் மற்றதைத் திணிப்பது கண், கை, முகம் மூன்றையும் பணயம் வைப்பது. குழலின் மேல் பொறித்திருப்பதும் தோட்டாவின் அடியில் பொறித்திருப்பதும் ஒன்றாக இருந்தால் மட்டுமே தோட்டா. ‘யாரோ சொன்னார்கள்’ என்பது எந்தத் துப்பாக்கியிலும் பொறித்திருப்பதில்லை.

அதற்கும் முன்னால் ஒரு வேலை. பிரெஞ்சுக்காரர் 1954 நவம்பர் 1-ஆம் தேதி ஊரை ஒப்படைத்துவிட்டுப் போய்விட்டார்கள். பரணில் இருப்பது இப்போது இந்திய ஆயுதச் சட்டத்துக்கு உட்பட்டது. லைசென்ஸ் இல்லாமல் வீட்டில் வைத்திருக்கக் கூடாது. துரு எடுக்காதீர்கள்; தெருவில் தூக்கிக்கொண்டும் நடக்காதீர்கள். ஒரு வக்கீலைக் கூட்டிக்கொண்டு காவல் நிலையத்தில் எழுத்து மூலம் தெரிவித்து ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். தாத்தாவின் நினைவாக வைத்துக்கொள்ள அவர் மெடல் இருக்கும். அதற்கு லைசென்ஸ் தேவையில்லை.

வாசகர், துத்திப்பட்டு
ரிப்பேர்க் கடை தமிழ்நாட்டில். என் லைசென்ஸ் புதுச்சேரியில். பைக்கில் ஒரு எட்டு போய் வரலாமா?

லைசென்ஸில் ‘செல்லுபடியாகும் பகுதி’ என்று ஒரு இடம் இருக்கும். அதைப் படித்தீர்களா? புதுச்சேரி மட்டும் என்றிருந்தால், மயிலம் ரோட்டில் எல்லையைத் தாண்டிய நொடியில் உங்கள் தோளில் இருப்பது லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி. நம் ஊர் எல்லை வயலுக்கு வயல் வளைந்து போகிறது. டீக்கடை ஒரு மாநிலம், எதிர்க்கடை வேறு மாநிலம் என்கிற கதை. சாராய பாட்டில் கொண்டு போனாலே பிடிப்பார்கள். காரைக்கால் புதுச்சேரிதானே என்றும் கிளம்பாதீர்கள்; வழியில் கடலூரும் சிதம்பரமும் இருக்கின்றன.

முதலில் லைசென்ஸ் வழங்கிய அலுவலகத்தில் எழுதிக் கேட்டு, உரிய அனுமதி வாங்குங்கள். பிறகு தோட்டா இல்லாமல், உறைக்குள் வைத்து, காகிதங்களோடு போங்கள்.

மணிலா (நிலக்கடலை) விவசாயி, சேதராப்பட்டு
காட்டுப்பன்றிக்குச் சட்டம் தளர்ந்துவிட்டது என்கிறார்கள். ரைஃபிளைச் சரிபண்ணி வைத்துக்கொள்ளட்டுமா?

ரைஃபிளைச் சரிபண்ணுங்கள், சட்டத்தைத் தப்பாகப் படிக்காதீர்கள். 2025 ஜனவரியில் தமிழ்நாடு அறிவித்தது இது: காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது, ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம், மூன்றுக்கு அப்பால் சுடலாம். சுடுவது வனத்துறையின் பயிற்சி பெற்ற ஆட்கள், விவசாயி அல்ல. அதுவும் தமிழ்நாட்டுக்கு. பன்றி எல்லையைத் தாண்டலாம், அரசாணை தாண்டாது.

1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் ‘வேட்டை ரைஃபிள்’ என்பது பெயரளவில்தான் வேட்டை. பக்கத்து ஊசுடு ஏரியும் 2008 முதல் பறவைகள் சரணாலயம். பயிர் நஷ்டத்துக்கு வனத்துறையிடம் மனுக் கொடுங்கள். மனுவும் சில நேரம் தாமதமாகத்தான் வெடிக்கும். ஆனால் கையைக் கொண்டுபோகாது.

வாசிப்புப் பிரியர், கிருமாம்பாக்கம்
ஜிம் கார்பெட், கென்னத் ஆண்டர்சன். யார் கையில் இருந்தது போல்ட் துப்பாக்கி?

கார்பெட் கையில். சம்பாவத் புலியைக் கொன்றதற்காக அவருக்குப் பரிசாக வந்த .275 ரிக்பி போல்ட் இழுக்கும் ரகம். நம் ஜவளகிரிக் காடுகளில் திரிந்த ஆண்டர்சன் அதிகம் நம்பியது .405 வின்செஸ்டர், அது விசைக்கு அடியிலுள்ள நெம்புகோலை இறக்கி ஏற்றுவது. ‘டிக்’ மட்டும் கேட்டால் அவர்களால் ஒரு நிமிடம் காத்திருக்க முடியாது, எதிரே புலி. உங்களால் முடியும். எதிரே இருப்பது அட்டையில் வரைந்த வட்டம்.

முன்னாள் பஞ்சாயத்து உறுப்பினர், அரியாங்குப்பம்
தேர்தல் நேரத்தில் காவல் நிலையத்தில் ஒப்படைத்த துப்பாக்கி துருவோடு திரும்பியது. யாரைக் கேட்பது?

ஒப்படைத்த நாளில் எப்படி இருந்தது என்பதற்கு உங்களிடம் என்ன இருக்கிறது? அடுத்த தேர்தலுக்கு இப்போதே தயாராகுங்கள். கொடுப்பதற்கு முதல்நாள் சுத்தம் செய்து, குழலுக்குள் மெல்லிய எண்ணெய்த் துணி ஓட்டி, நான்கு பக்கமும் போட்டோ எடுங்கள். ரசீதில் துப்பாக்கி எண்ணும் போல்ட் எண்ணும் இருக்கட்டும். திரும்ப வாங்கும்போது அங்கேயே போல்ட் எண்ணைச் சரிபாருங்கள். ஒரே அறையில் பத்து 315 இருந்தால் போல்ட்டுகள் இடம் மாறிவிட வாய்ப்பு உண்டு. வாக்கு மாறலாம், போல்ட் மாறக் கூடாது.

எட்டாம் வகுப்பு மாணவன், வில்லியனூர்
தேர்த் திருவிழாக் கடையில் பலூனைக் குறி பார்த்துச் சுட்டால் பக்கத்து பலூன்கூட வெடிப்பதில்லை. ஏன்?

அந்த ஏர் கன்னை நூற்றுக்கணக்கான கைகள் பிடித்து, கீழே போட்டு, சைட் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். முதல் குண்டை பலூனுக்கு அனுப்பாதே. பின்னாலிருக்கும் பலகையில் ஒரு புள்ளிக்கு அனுப்பு. அது எவ்வளவு இடப்பக்கம் போகிறதோ, அடுத்த முறை அவ்வளவு வலப்பக்கம் குறி வை. கோளாறைச் சரிசெய்யாமலே கோளாறோடு கணக்குப் போடுவது இது. பலூனுக்கு மட்டும்.

கடைசிக் கேள்வி, மறுபடியும் சேதராப்பட்டு
நல்ல துப்பாக்கி ரிப்பேர்க்காரரை எப்படிக் கண்டுபிடிப்பது?

உங்கள் துப்பாக்கியைப் பார்க்கும் முன் உங்கள் லைசென்ஸைக் கேட்பார். அவருடைய லைசென்ஸ் சுவரில் தொங்கும். எண்ணைப் பதிவேட்டில் எழுதுவார். ‘சுட்ட தோட்டா காலி எதாவது கொண்டுவந்தீங்களா?’ என்று கேட்டு, அதன் அடியை லென்ஸ் வைத்துப் பார்ப்பார். இடைவெளியைக் கண்ணால் சொல்லாமல் அளவுமானி போட்டுச் சொல்வார். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு தடவையாவது ‘இது முடியாது சார், குழலைக் கழிச்சிடுங்க’ என்று சொல்லியிருப்பார்.

‘எதுவா இருந்தாலும் பண்ணிடலாம்ணே, சாயந்தரம் வாங்க’ என்பவரிடம் உங்கள் மிக்ஸியைக் கொடுங்கள்.